இன்வெர்ட்டர் கம்பெனி திவாலானால் மாடியில் இருக்கும் சோலாரை என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2017-இல் திருச்சியில் வீட்டு மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறீர்கள். 325 வாட் பேனல்கள் பதினாறு, மூன்று ஃபேஸ் இணைப்பு, வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் சென்ற மாதம் நின்றுவிட்டது. பத்தாண்டு வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு விசாரித்தால், தயாரித்த நிறுவனம் திவாலாகிக் கலைப்பு நடவடிக்கையில் இருக்கிறது. சேவை எண்ணில் மணி அடிப்பதோடு சரி. பொருத்திக்கொடுத்தவர், "இந்தப் பழைய பேனலுக்குத் தகுந்த இன்வெர்ட்டர் இப்போது வருவதில்லை, எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்" என்று மூன்று லட்ச ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்வெர்ட்டரை மட்டும் மாற்ற முடியுமா, வாரண்டியில் ஏதாவது தேறுமா, அதுவரை வெயிலில் சும்மா கிடக்கும் பேனல்கள் கெட்டுவிடுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கம்பெனி போனதால் மாடியில் போட்ட முதலும் போய்விட்டதா? போகவில்லை. போனது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி மட்டும்.

நான் மின்னியல் டிப்ளமோ படித்தவன். ஓர் இன்வெர்ட்டர் நிறுவனத்தின் சேவைப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கோவையில் தனியாகப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். பதினாறு ஆண்டுகளில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் கணிசமானவை, தயாரித்தவர் இன்று தொழிலில் இல்லாதவை. எனவே மின்சாரம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். சட்டம் பற்றிச் சொல்வதை, நாலு வாடிக்கையாளர்களோடு அலைந்து தெரிந்துகொண்டவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இன்வெர்ட்டர் உண்மையிலேயே போய்விட்டதா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? திரை இருண்டிருக்கிறது என்பதை வைத்து முடிவு கட்டியிருந்தால் அது போதாது. வெயிலில் வெந்து திரை மட்டும் செத்து, உள்ளே உற்பத்தி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் அது வாரிய மின்சாரத்தின் மீதான புகாராக இருக்கலாம். தெருவில் பல வீடுகளில் சோலார் இருந்தால் நண்பகலில் ஒரு ஃபேஸின் அழுத்தம் 253 வோல்ட்டைத் தாண்டும்; உடனே இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அது பழுது இல்லை, அதன் கடமை. சோதிக்க வேண்டியவை சில இடங்கள்தான்: வாரிய மின்சாரம் சேரும் ஏசி பெட்டியில் மூன்று ஃபேஸும் நியூட்ரலும் வருகின்றனவா, பேனலின் நேர் மின்சாரம் வரும் டிசி பெட்டியில் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா, பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரத்தின் இரு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் காட்டுகிறது. இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், நீங்கள் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டில் பதினாறு பேனலும் ஒரே சரமாக இருந்தால் அந்த முனைகளில் 700 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்சாரம் நிற்கும். வீட்டு மின்சாரத்தை மெயினில் அணைக்கலாம். பேனலை அணைக்கச் சூரியனைத்தான் அணைக்க வேண்டும். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி வெல்டிங் போல நீளும். ஏசியை முதலில் அணைத்து, பிறகு பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் டிசி ஐசோலேட்டரைத் திருப்பி, பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நிமிடக் கணக்குக்குக் காத்திருந்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

உள்ளே என்ன போகும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பழுது பார்க்கலாமா, மாற்றலாமா' என்ற முடிவு அதில்தான் இருக்கிறது. முதலில் கிழடு தட்டுவது உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. மேற்குச் சுவரில் நிழல் இல்லாமல் மாட்டிய பெட்டிக்கும், மாடிப்படிக்கு அடியில் மாட்டிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும். அடுத்து விசிறி, ரிலே, இடிமின்னலை வாங்கிக்கொண்டு கருகும் வேரிஸ்டர். இவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானவை அல்ல. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாமான்கள். அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள். கேபிள் நுழையும் துளையை ரப்பர் வளையம் போட்டு மூடாமல் விட்டால் கதகதப்பைத் தேடிப் பல்லி உள்ளே போகும். சென்ற ஆண்டு நான் திறந்த ஒரு பெட்டியில், மூன்று ஃபேஸ் முனைகளில் இரண்டுக்குப் பாலமாகப் படுத்தபடி, வால் மட்டும் கருகாமல் ஒன்று இருந்தது. அதன் கீழே போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கரி. கரியைச் சுரண்டி, ரிலேயை மாற்றி, துளையை அடைத்ததும் அந்த இன்வெர்ட்டர் இன்றுவரை ஓடுகிறது.

ஆகவே நான் பழுது பார்ப்பவை இவை: விசிறி, ரிலே, வேரிஸ்டர், உள் மின்வழங்கிப் பகுதியின் கெப்பாசிட்டர், திரை. நான் தொடாதவை: மின்சாரத்தை வெட்டி மாற்றும் ஐஜிபிடி தொகுதி வெடித்து, அதை ஆட்டுவிக்கும் சுற்றையும் இழுத்துக்கொண்டு போனவை, மூளையாக இருக்கும் கட்டுப்பாட்டு போர்டு போனவை. தொடாததற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டும் இல்லை. தெருவில் மின்சாரம் போனால் இந்தப் பெட்டி இரண்டு விநாடிக்குள் தானும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், லைன் இறந்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயும். கட்டுப்பாட்டுப் பகுதியில் கை வைத்த பெட்டி இதை ஒழுங்காகச் செய்யும் என்று சான்று தர என் பட்டறையில் வசதி இல்லை, உங்கள் ஊர்ப் பட்டறையிலும் இருக்காது. ஏசி பிரேக்கரை அணைத்தால் நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனைதான். அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்களோடு சேர்ந்து ஓடும்போது என்ன செய்யும் என்பதை அது காட்டாது. ஏழெட்டு ஆண்டு ஓடிய பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற பழுது என்றால் பாருங்கள். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

இதே மாடலில் பழைய பெட்டி ஒன்றை எங்காவது வாங்கி மாட்டலாமே என்ற யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். எல்லோருக்கும் வருகிறது. அதில் எனக்கு ஆர்வம் இல்லை. அதுவும் இதே வயதுக் கெப்பாசிட்டரோடுதான் இருக்கும். வேறு நாட்டுக்கு விற்ற பெட்டியாக இருந்தால் அந்த நாட்டு மின்கட்ட அமைப்பில் பூட்டியிருப்பார்கள். அதை மாற்றக் கடவுச்சொல்லைக் கம்பெனிதான் தரவேண்டும். கம்பெனியே இல்லை. பூட்டு திறக்காத அலமாரியைக் காசு கொடுத்து வாங்கிய கதைதான். உதிரிப்பாகத்துக்காக வாங்கி வைப்பது வேறு. அது பழுதுபார்ப்பவனின் ஆசை, வீட்டுக்காரரின் ஆசையாக இருக்க வேண்டியதில்லை.

இனி புதியது. பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே சாதிப் பொருத்தம் எதுவும் இல்லை. பேனல் தருவது நேர் மின்சாரம். அதற்குப் பெயர், ஊர் எதுவும் கிடையாது, வோல்ட்டும் ஆம்பியரும்தான். 'பழைய பேனலுக்கு இன்வெர்ட்டர் வருவதில்லை' என்று உங்களிடம் சொன்னவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அந்தக் காலத்து 72 செல், 325 வாட் பேனல் என்றால் திறந்த சுற்று அழுத்தம் (எதுவும் இணைக்காதபோது இருப்பது) ஏறத்தாழ 46 வோல்ட், வேலை செய்யும் அழுத்தம் 37.5 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் 9 ஆம்பியரைச் சற்றுத் தாண்டி இருக்கும். பதினாறும் ஒரே சரம் என்றால் திறந்த சுற்றில் 736 வோல்ட். குளிர்ந்தால் இது கூடும்: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. திருச்சியில் மார்கழி விடியலுக்கு 15 டிகிரி என்று தாராளமாக வைத்தாலும், சீட்டில் இருக்கும் 25 டிகிரிக் கணக்கிலிருந்து மூன்று விழுக்காடு கூடி 758 வோல்ட். கொடைக்கானலில் இருந்தால் 780. கோடையில் பேனல் 65 டிகிரிக்குச் சூடாகும்போது வேலை அழுத்தம் 600-லிருந்து ஏறத்தாழ 500-க்கு இறங்கும். ஆக, உங்களுக்குத் தேவை 500 முதல் 600 வோல்ட் வரை வசதியாக வேலை செய்து, 758-ஐத் தாங்கும் ஒரு பெட்டி. இன்று சந்தையில் இருக்கும் 5 கிலோவாட் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர்கள் 1000 அல்லது 1100 வோல்ட் வரை தாங்கும். பொருந்துவது ஒன்றல்ல, பல இருக்கின்றன. அண்மையில் நான் மாட்டிக்கொடுத்தவை ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தன. மூன்று லட்சம் எங்கே, இது எங்கே.

இந்தக் கணக்கைப் போடாமல் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தைச் சொல்கிறேன். மூன்று ஃபேஸ் பெட்டி போய்விட்டது. கடையில் ஒற்றை ஃபேஸ் பெட்டி உடனே கிடைத்தது. கிலோவாட் ஒன்றுதானே என்று மாட்டிவிட்டார்கள். ஒற்றை ஃபேஸ் பெட்டிகள் பொதுவாக 550 அல்லது 600 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதில்லை. அந்தச் சரத்தில் பதினெட்டுப் பேனல். ஐசோலேட்டரைத் திருப்பிய கையோடு 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய மீன் நாற்றம். நான் போனபோது உரிமையாளர், "ஆன் பண்ணின ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதிக அழுத்தத்தால் போனதை எந்த வாரண்டியும் ஏற்காது. பெட்டிக்குள் அது பதிவாகியிருக்கும். உங்களுக்கும் யாராவது ஒற்றை ஃபேஸ் பெட்டியைக் காட்டினால், சரத்தை எட்டு எட்டாகப் பிரித்து, 368 வோல்ட்டில் இரண்டு சரமாக்கிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் வேலை செய்யும். ஆனால் 5 கிலோவாட்டும் ஒரே ஃபேஸில் ஏறும். நண்பகலில் அந்த ஃபேஸின் அழுத்தம் எகிறி அடிக்கடி நிற்கும். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் பெட்டியே போதும்.

மின்னோட்டத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இன்றைய பேனல்கள் 13, 14 ஆம்பியர் தருவதால் இன்றைய பெட்டிகளும் அதற்கேற்ற வாயோடு வருகின்றன. 9 ஆம்பியர் அதில் தாராளமாக நுழையும். பின்னாளில் இரண்டு மூன்று புதுப் பேனல் சேர்க்க ஆசைப்பட்டால் அவற்றைப் பழைய சரத்தில் கோக்காதீர்கள். ஒரே சரத்தில் இளைத்ததன் வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். பெட்டியில் இரண்டாவது எம்பிபிடி வாய் (ஒரு சரத்தைத் தனியாகக் கவனித்து முழு மின்சாரத்தையும் எடுக்கும் பகுதி) இருந்தால், அதற்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் கிடைக்கும் எண்ணிக்கையில் தனிச் சரமாகக் கொடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அடுத்த விஷயம், இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். புதுப் பெட்டி மாட்டிய மறுநாள் காலை ஆறரை மணிக்கு 'ஐசோலேஷன் ஃபால்ட்' என்று சொல்லி நின்றுவிடும். பத்து மணிக்குத் தானாக ஓடத் தொடங்கும். மழை பெய்த நாளில் முழு நாளும் நிற்கும். நீங்கள் புதுப் பெட்டி ஓட்டை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். பெட்டி சரியாகத்தான் இருக்கும். இன்றைய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர்கள் ஒவ்வொரு நாளும் மின்கட்டத்தோடு சேரும் முன் பேனல் சரத்திலிருந்து தரைக்கு எங்காவது கசிவு இருக்கிறதா என்று அளந்து பார்க்கின்றன. சில பழைய பெட்டிகள் இதில் கண்டும் காணாமலும் இருந்தன. எட்டு ஆண்டில் கேபிள் தகரத்தின் விளிம்பில் உரசியிருக்கும், அணில் கடித்திருக்கும், கனெக்டருக்குள் நீர் இறங்கியிருக்கும். காலைப் பனி ஈரத்தில் கசிவு தெரியும், வெயில் ஏறி உலர்ந்ததும் மறையும். அதனால்தான் பத்து மணிக்குச் சரியாகிறது.

எனவே பெட்டி வாங்குவதற்கு முன்பே சரத்தை மெகர் (தரைக்குக் கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேனலை நனைத்துவிட்டு அளந்தால் இன்னும் நல்லது. ஒரு மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் பெட்டியை வாங்காதீர்கள், கேபிளைத் தேடுங்கள். ஒரு வீட்டில் இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பேனல் சட்டத்துக்கும் இரும்புக் காலுக்கும் நடுவே நசுங்கிய கேபிளில், நகக்கண் அளவுக்குத் தோல் போயிருந்தது. பழைய பெட்டி ஆறு ஆண்டு அதைப் பொறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு நல்ல காலம், யாரும் அந்த இரும்புக் காலில் ஈரக்கையோடு சாயவில்லை. எர்த்தும் அப்படியே: டிசிக்கும் ஏசிக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனியாகக் குழி தோண்டியிருப்பார்கள். எட்டு ஆண்டில் அவை எலும்புக்கூடாகியிருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பத்திருபது வோல்ட் நின்றால் சில பெட்டிகள் அதற்கும் முரண்டு பிடிக்கும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய பெட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனத்த வகையாக இருந்து, பேனலின் ஒரு முனையை வேண்டுமென்றே தரையோடு இணைத்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத புதிய பெட்டிக்கு முன் அந்த இணைப்பை எடுத்தாக வேண்டும். சாதாரண சிலிக்கன் பேனலுக்கு எடுப்பதால் கேடில்லை. மெல்லிய படல வகைப் பேனலாக இருந்தால் எதிர்முனையைத் தரையில் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது: கட்டாவிட்டால் கண்ணாடியின் உட்பூச்சு அரிக்கும். உங்களுடையது 325 வாட் என்பதால் பெரும்பாலும் சிலிக்கன்தான். இருந்தாலும் சீட்டின் படத்தைப் பார்க்காமல் இதில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதேபோல ஒவ்வொரு பேனலுக்குப் பின்னும் ஆப்டிமைசர் என்ற சிறு டப்பா இருந்தால் மேலே சொன்ன கணக்கு முழுக்க மாறும். அதன் சொந்தப் பெட்டி இல்லாவிட்டால் ஆப்டிமைசர் பேனலைத் திறந்துவிடாது. சில வகைகளில் பேனலுக்கு ஒரு வோல்ட்தான் வெளியே வரும். கம்பெனி போனால் மாடி ஏறி எல்லா டப்பாக்களையும் கழற்றியாக வேண்டும். கம்பெனி திவாலானதன் வலி உண்மையில் அங்கேதான் இருக்கிறது, உங்களைப் போன்ற சாதாரணச் சர அமைப்பில் இல்லை.

எந்தக் கம்பெனி வாங்குவது என்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் கேட்கத்தான் போகிறீர்கள். பெரிய பெயர் என்பது காப்பு இல்லை. பவர்-ஒன் என்ற அமெரிக்க நிறுவனத்தை 2013-இல் ஏபிபி வாங்கியது. ஏபிபி என்றால் நூறாண்டைத் தாண்டிய பாரம்பரியம், அதை நம்பி வாங்கியவர்கள் பலர். 2020-இல் ஏபிபி தன் சோலார் இன்வெர்ட்டர் தொழில் முழுவதையும் இத்தாலியின் ஃபிமர் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு விலகியது. விற்றதற்குப் பணம் வாங்கவில்லை, வாங்கிக்கொண்டதற்குப் பணம் கொடுத்தது. அந்தத் தொழிலின் நிலைமை அவ்வளவு அழகு. இரண்டே ஆண்டில் ஃபிமர் கடன்காரர்களிடமிருந்து காப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அமெரிக்காவின் சாட்கான் 2012-இல் திவாலானது. அட்வான்ஸ்டு எனர்ஜி நல்ல நிலையில் இருந்தபோதே 2015-இல் இந்தத் தொழில் போதும் என்று மூடியது. எனவே பத்தாண்டு வாரண்டி என்ற வரியை நான் மதிப்பதே இல்லை. நான் பார்ப்பது இவற்றை: இந்தியத் தர நிறுவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண் பெட்டியின் மேல் இருக்கிறதா, கோவையிலோ திருச்சியிலோ மாற்றுப் பெட்டி கையிருப்பு வைத்திருக்கும் விநியோகஸ்தர் உண்டா, அளவுகள் பொதுவானவையா, சாதாரண எம்சி4 வாயா. நாளை அந்தக் கம்பெனியும் போனால், அரைநாளில் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டும்படி இருக்க வேண்டும். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வாங்கச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பேட்டரியும் பெட்டியும் தங்களுக்குள் பேசும் மொழி பல கம்பெனிகளில் தனி. ஒன்று போனால் மற்றதும் ஊமையாகும்.

மாட்டும்போது கேபிள் முனையில் பழைய கனெக்டரை வைத்துக்கொண்டு, புதுப் பெட்டியோடு வந்த வேறு கம்பெனிக் கனெக்டரைச் செருக விடாதீர்கள். நுழையும், பிடித்துக்கொள்ளும், இரண்டு கோடையில் உருகும். இருபுறமும் ஒரே கம்பெனிக் கனெக்டர் போடச் செலவு இருநூறு முந்நூறு ரூபாய்.

மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டுமா என்றால், சொல்ல வேண்டும். நெட் மீட்டர் ஒப்பந்தத்தில் உங்கள் அமைப்பின் திறன் பதிவாகியிருக்கிறது. இன்வெர்ட்டரின் விவரமும் விண்ணப்பத்தில் கொடுத்திருப்பீர்கள். உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு கடிதம், புதுப் பெட்டியின் சோதனைச் சான்றிதழ் நகல், மாட்டியவரின் கையொப்பம் ஆகியவற்றைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். திறன் 5 கிலோவாட்டாகவே இருக்கட்டும். கூட்டினால் அது வேறு விண்ணப்பமாகிவிடும். சில அலுவலகங்களில் வந்து பார்ப்பார்கள், சில அலுவலகங்களில் கடிதத்தைக் கோப்பில் சொருகுவதோடு முடியும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

வாரண்டிப் பணம். நான் வழக்கறிஞன் இல்லை என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். திவால் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு கட்டங்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டப்படி முதலில் தீர்வு நடவடிக்கை. அதில் வேறொருவர் கம்பெனியை வாங்கி நடத்தக்கூடும். அது தோற்றால் கலைப்பு. தீர்வுக் கட்டத்தில் கம்பெனி மீது புதிதாக வழக்குப் போட முடியாது. கலைப்புக் கட்டத்திலும் அப்படியே. மாறாக உங்கள் கோரிக்கையைக் கலைப்பாளரிடம் குறித்த நாளுக்குள் பதிவு செய்யலாம். அறிவிப்பு செய்தித்தாளிலும் திவால் வாரியத்தின் இணையதளத்திலும் வந்திருக்கும். பணம் பிரிக்கும் வரிசையில் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கி எல்லாம் முன்னே நிற்கும். வாரண்டிக்காரர் வரிசையின் வால். ஒரு வாடிக்கையாளருக்காக நாங்கள் எழுதிக் கொடுத்தோம். இன்றுவரை பைசா வரவில்லை. அரை மணி நேர வேலை என்பதால் எழுதிப் போடுங்கள், அதை நம்பிப் பெட்டி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் பிடி இருக்கக்கூடிய இடம் பொருத்திக்கொடுத்தவர். அவர் கொடுத்த பில்லையும் ஒப்பந்தத்தையும் எடுத்து, பத்தாண்டு வாரண்டி என்று யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள். தயாரிப்பாளரின் அட்டை மட்டும் என்றால் பிடி தளர்வு. 'முழு அமைப்புக்கும்' என்று அவர் தன் லெட்டர்பேடில் எழுதியிருந்தால், தயாரிப்பாளர் போனது அவருடைய பிரச்சினை, உங்களுடையது இல்லை. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 2019 சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்ற பகுதியைக் காட்டி, தயாரிப்பாளர் இல்லாவிட்டால் விற்றவர் பொறுப்பு என்று சிலர் சொல்வார்கள். அது பொருளால் உங்களுக்கோ வீட்டுக்கோ நேர்ந்த தீங்குக்கு. பொருளே கெட்டுப்போனதற்கு அந்தப் பகுதி பொருந்தாது. சேவைக் குறைபாடு, வாக்களித்த வாரண்டியை மறுத்தது என்ற வழியில்தான் போக வேண்டும். இதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் பில்லைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு: கம்பெனி போய், கைபேசிச் செயலியில் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது, ஆனால் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது என்றால், பெட்டியை விட்டுவிடுங்கள். நின்றது அவர்களுடைய சர்வர். உற்பத்தி மீட்டரைத் தினமும் மாலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். அந்தச் செயலி இல்லாத காலத்திலும் நாங்கள் சோலார் போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கடைசியாக உங்கள் மூன்றாவது கேள்வி. இன்வெர்ட்டர் இல்லாமல் வெயிலில் கிடக்கும் பேனல் கெடாது. மின்னோட்டம் ஓடாதபோது செல்கள் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு மாதத்தில் அதனால் எதுவும் ஆகிவிடாது. டிசி ஐசோலேட்டரை அணைத்து, அதன் கைப்பிடியைக் கம்பியால் கட்டி, 'திருப்பாதே' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தால், தொங்கும் கேபிள் முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், தண்ணீர் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல், மூடியிட்டுத் தனித்தனியாகச் சுவரில் கட்டியிருக்க வேண்டும். அந்த முனைகளில் இப்போதும் 700 வோல்ட் இருக்கிறது. பேனல் முதுகுச் சீட்டின் படத்தையும், சரம் ஒன்றா இரண்டா என்பதையும் அனுப்புங்கள். கணக்கைச் சரிபார்த்து, எந்த அளவுள்ள பெட்டி என்று எழுதுகிறேன்.